பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மூட்டை

தாய்மையைப் பற்றி யார் எழுதினாலும் கூடவே போடுவதற்கென்று சில 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் ஓனொரே தோமியேயின் ‘சலவைக்காரி’ அவற்றில் ஒன்று. ஆற்றங்கரைப் படியில் ஒருத்தி ஏறி வருகிறாள். ஒரு பக்கம் துணிமூட்டை, மறுபக்கம் அவள் கையைப் பற்றியபடி ஒரு சின்னப் பிள்ளை. அவள் தலை பிள்ளையின் பக்கம் கவிந்திருக்கிறது. இவ்வளவுதான் படம். அதன் கீழே வழக்கமாக வரும் வாசகமும் மாறுவதில்லை: எத்தனை களைத்தாலும் தாயின் கனிவு குறையாது என்ற பொருளில் ஏதாவது ஒரு வரி. அந்த வரியைப் பொய் என்று தள்ள முடியவில்லை, ஏற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. படத்தில் பாதியைப் பார்த்துவிட்டு முழுப்படத்துக்கும் தீர்ப்பெழுதியதுபோல் இருக்கிறது. விட்டுப்போன பாதி அந்த மூட்டை.

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் பலகை ஏறத்தாழ 49 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம். மரப்பலகைமேல் எண்ணெய் வண்ணம். 1863 வாக்கில் வரைந்தது. படத்தில் முகம் தேடினால் ஏமாந்துபோவோம். அவளுக்கு முகம் என்று இருப்பது இரண்டு மூன்று நிழல்திட்டுகள். பிள்ளைக்கு அதுவும் இல்லை. கனிவான பார்வை, களைத்த கண்கள் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் தங்கள் மனதில் இருக்கும் முகத்தைக் கொண்டுவந்து அங்கே ஒட்டுகிறார்கள். தோமியே அந்த வேலையை உடம்பிடம் விட்டிருக்கிறார். தோள், முதுகு, முழங்கை, மடங்கிய கால் இவைதான் பேசுகின்றன. ஆகவே அந்த உடம்பு என்ன வேலையை முடித்துவிட்டு வருகிறது என்பதில் தொடங்குவதே முறை.

மூட்டைக்குள் இருக்கும் கணக்கு

அன்றைய பிரெஞ்சுச் சலவை ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. முதலில் துணியைப் பிரித்து ஊறவைத்து அழுக்கின் மேற்பூச்சைப் போக்குவார்கள். பிறகு பெரிய மரத்தொட்டியில் துணிகளை அடுக்கி, மேலே முரட்டுத்துணி ஒன்றை விரித்து, அதன்மேல் சலித்த விறகுச் சாம்பலைப் பரப்புவார்கள். சாம்பலின் மேல் வெந்நீரை ஊற்றினால் அது காரநீராகித் துணி வழியே இறங்கிக் கீழ்த்துளையில் வடியும். வடிந்ததைப் பிடித்து மறுபடி சூடாக்கி மறுபடி ஊற்ற வேண்டும். மணிக்கணக்காக இதே வேலை. நம் வெள்ளாவியில் ஆவி செய்யும் வேலையை அங்கே சூடான காரநீர் செய்தது. எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் எல்லாம் கெட்டுவிடும்: இரத்தக்கறையும் முட்டைக்கறையும் வெந்து இழையோடு இறுகிவிடும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் அசையாது. அதனால் வெதுவெதுப்பில் ஆரம்பித்துப் படிப்படியாகச் சூட்டை ஏற்றுவார்கள். சாம்பலிலும் தரம் பார்க்க வேண்டும். பழமரச் சாம்பல் நல்லது. ஓக் மரச் சாம்பலில் உள்ள துவர்ப்பு துணியில் பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும். சலிக்காமல் விட்டால் கரித்துண்டு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி வைக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நகரத்தில் சாம்பலின் இடத்தைப் பெரும்பாலும் சோடா உப்பு பிடித்துவிட்டது. வெளுக்க ‘ஜாவெல் நீர்’ இருந்தது. பாரிஸின் ஜாவெல் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தயாராகத் தொடங்கிய சாயம்போக்கி அது. அளவு கொஞ்சம் கூடினால் அழுக்கோடு சேர்த்து இழையையும் தின்றுவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஆறு. துணிக்குள் இறங்கிய காரத்தையும் சோப்பையும் வெளியேற்ற ஓடும் நீர் வேண்டும், அடி வேண்டும். சீன் நதியில் அதற்கென்றே சலவைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடந்தன. கூரை போட்ட நீளமான மிதவைகள். இருபுறமும் நீர்மட்டத்தை ஒட்டித் துவைப்புப் பலகைகள். காசு கொடுத்து இடம்பிடித்து, வரிசையாக நின்றோ மண்டியிட்டோ பெண்கள் வேலை செய்தார்கள். கைப்பிடி குட்டையான தட்டைக் கட்டையால் ஈரத்துணியை அடித்து, அலசி, மறுபடி அடித்து, முறுக்கிப் பிழிவார்கள். நீர் போதாத துணியை அடித்தால் இழை நைந்துபோகும். பித்தான் இருக்கும் பக்கத்தை அடித்தால் பித்தான் தெறிக்கும். நகரத்து ஏழைகளின் சலவை அரசுக்கே ஒரு பிரச்சினையாக இருந்தது. பொதுக் குளியலறைகளும் துவைப்புக்கூடங்களும் கட்ட நகராட்சிகளுக்கு 6,00,000 ஃபிராங்க் ஒதுக்கி 1851 பிப்ரவரியில் சட்டமே போட்டார்கள்.

பருத்தியோ லினனோ கையால் எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் ஏறக்குறைய தன் எடை அளவுக்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆறு கிலோ உலர்துணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கியவள் பன்னிரண்டு கிலோவோடு படியேறுவாள். இறங்கும்போது பாதி, ஏறும்போது முழுசு, களைப்பும் ஏறும்போதுதான். தோமியேயின் மூட்டை உப்பிக்கொண்டு இருக்கவில்லை, கீழ்ப்பக்கம் கனத்துத் தொங்குகிறது. காய்ந்த துணிமூட்டை அப்படித் தொங்காது. அவள் கரைக்குப் போகவில்லை, கரையிலிருந்து வீட்டுக்கு வருகிறாள் என்பதற்குப் படியின் திசையைவிட இந்தத் தொங்கலே எனக்குப் பெரிய சாட்சி.

அந்தக் குனிவு

எல்லாரும் கனிவு என்று சொல்லும் அந்தக் குனிவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் பன்னிரண்டு கிலோவை முழங்கையில் இடுக்கிக்கொண்டால் உடம்பு நேராக நிற்க முடியாது. மூட்டையின் எடைமையம் அவள் உடம்பின் நடுக்கோட்டிலிருந்து கால் மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். அதைச் சமன்செய்ய மேலுடல் எட்டுப் பத்து சென்டிமீட்டராவது எதிர்ப்பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். தண்ணீர்க்குடம் சுமந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது இடுப்பில் குடம் ஏறினால் வலப்பக்கம் உடம்பு தானாக ஒடியும். இப்போது படத்தைப் பாருங்கள். பிள்ளை எந்தப் பக்கம்? மூட்டைக்கு எதிர்ப்பக்கம். அவள் சாய்வது எந்தப் பக்கம்? பிள்ளையின் பக்கம்.

இங்கேதான் படம் திரும்புகிறது. நாம் தாயின் பரிவாகப் படித்த அந்தச் சாய்வை மூட்டை ஏற்கெனவே பாதி செய்து முடித்துவிட்டது. பிள்ளை இல்லாவிட்டாலும் அவள் அந்தப் பக்கம் ஒடிந்துதான் நடந்திருப்பாள். தலை கவிந்திருப்பதும் கை கீழே இறங்கியிருப்பதும் மட்டுமே பிள்ளைக்காகச் சேர்ந்தவை. சுமைக்கு ஒரு கோடு, பாசத்துக்கு ஒரு கோடு என்று தோமியே தனித்தனியாகப் போடவில்லை. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே வளைவு இரண்டையும் சுமக்கிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. அச்சுப்படம் ஒன்றை எடுத்து மூட்டையைக் கட்டைவிரலால் மறையுங்கள். அவள் தடுக்கி விழப்போகிறவள்போல் தெரிவாள். பிள்ளையைப் பார்க்க அவ்வளவு சாயத் தேவையே இல்லை. பிறகு மூட்டையை விட்டுவிட்டுப் பிள்ளையை மறையுங்கள். சுமை தூக்கும் பெண் ஒருத்தி. சாய்வு சரியாக இருக்கிறது, ஆனால் கீழே இறங்கும் கைக்குக் காரணம் இல்லாமல் போகிறது.

இதனால் கனிவு பொய்யாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையிடம் திரும்பும் தாயை வரைவது சுலபம். வேலை உடம்பை விடாமல் பிடித்திருக்க, அது விட்டுக்கொடுத்த திசையிலேயே பிள்ளைக்கும் கை நீட்டுகிறவளை வரைய, சுமை எப்படி இறங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதே காட்சியைத் தோமியேயின் கண் இல்லாதவர்கள் வரைந்தால் எங்கே தவறும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. மூட்டையைப் பஞ்சுத்தலையணையாக வரைந்து முதுகை நேராக நிறுத்துவார்கள். பிறகு குனிவு போதாது என்று கழுத்தை மட்டும் வளைப்பார்கள். உடனே அவள் மேடையில் நடிப்பவளாகிவிடுவாள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று கண்ணில் படும். மூட்டை இருக்கும் இடம் பிள்ளையின் இடம். மூன்று வயசுப் பிள்ளை, நாள் முழுக்க ஈரத்தில் கிடந்துவிட்டு வரும் நேரம், செங்குத்தான படி. வேறு எந்தத் தாயும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் வேளை. ஆனால் அந்த இடுப்பு காலியாக இல்லை. அந்த வயசுப் பிள்ளையின் எடை சுமார் பதினான்கு கிலோ. மூட்டையும் ஏறக்குறைய அவ்வளவே. எதைத் தூக்குவது, எதை நடக்கவிடுவது என்பதை வயிற்றுப்பாடு முடிவு செய்துவிட்டது. மூட்டை ஊராரின் துணி. கீழே வைத்தால் மண் ஒட்டும், மண் ஒட்டினால் மறுபடி ஆறு. பிள்ளைக்குக் கால் இருக்கிறது.

அந்தக் காலின் நிலைமையையும் பார்க்க வேண்டும். மூன்று வயசுப் பிள்ளையின் முழங்கால் தரையிலிருந்து கால் மீட்டர் உயரத்தில் இருக்கும். கல்படி ஒன்று 17, 18 செ.மீ. என்றாலே முழங்காலில் முக்கால் பங்கு வந்துவிடுகிறது. வளர்ந்தவர்களுக்கு 30 செ.மீ. படி ஏறுவதற்குச் சமம். பிள்ளை ஒரு காலை உயரத் தூக்கி வைக்கும் கணத்தைத்தான் தோமியே பிடித்திருக்கிறார். அடுத்த கணம் முழு உடம்பும் அந்தக் காலில் ஏற வேண்டும். தாயின் கை இழுத்தால்தான் ஏறும். பிள்ளையின் மற்றொரு கையில் துணி அடிக்கும் கட்டை. அது விளையாட்டுச் சாமான் இல்லை. தாய்க்குக் கை போதவில்லை, அதனால் பிள்ளைக்கும் ஒரு சுமை வந்திருக்கிறது. பிள்ளையைக் குட்டிப் பெரியவராக வரைந்துவிடும் பழக்கம் ஓவியர்களிடம் உண்டு. தோமியேயின் பிள்ளைக்குத் தலை பெரிசு, கால் குட்டை, ஏறும் விதத்தில் அவசரம். கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பவரின் இரக்கத்தைக் கேட்கும் வேலை எதுவும் அதனிடம் இல்லை.

பிள்ளையை ஏன் வேலையிடத்துக்கு அழைத்துப்போனாள் என்று கேட்கலாம். உழைக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கான முதல் காப்பகத்தைப் பாரிஸின் ஷையோ பகுதியில் ஃபிர்மேன் மார்போ திறந்ததே 1844இல்தான். அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்குச் சில பள்ளிகள் அதற்கு முன்பே இருந்தன. நகரத்துக் கூலிக்காரிகள் பலர் பிறந்த குழந்தையைக் கிராமத்துச் செவிலித்தாயிடம் அனுப்பிவிடுவார்கள். அங்கே போன குழந்தைகள் செத்துக்கொண்டே இருந்ததால் 1874இல் அதைக் கண்காணிக்கத் தனிச்சட்டம் வந்தது. மூன்று வயசுவரை பிழைத்து, தாயோடு படியேறும் பிள்ளை அந்த ஊரில் சாதாரணக் காட்சி என்று தோன்றலாம். அதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வெளிச்சம் ஏன் எதிர்க்கரையில்

படத்தில் தாயும் பிள்ளையும் ஏறக்குறைய முழு நிழலில் இருக்கிறார்கள். பின்னால், ஆற்றுக்கு அப்பால், வீடுகளின் முகப்பு வெளிறிய வெயிலில் மின்னுகிறது. இதை வைத்து எழுதப்படும் குறியீட்டு விளக்கங்களுக்குக் குறைவில்லை: ஏழைக்கு இருட்டு, பணக்காரனுக்கு வெளிச்சம் என்று போகும். படம் அந்தப் பொருளைத் தாங்காது என்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் நில அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்பவர்கள் குறைவு.

தோமியே 1846 முதல் 1863 வரை செயின்ட் லூயி தீவில், ஆன்ழூ கரைத்தெரு 9ஆம் எண் வீட்டில் இருந்தார். மேல்மாடியில் ஓவியக்கூடம். கீழே சீன் நதியின் கிளை, சலவைப்படகுகள். இந்தத் தெரு தீவின் வடகிழக்கு விளிம்பில் இருக்கிறது. ஆற்றைப் பார்த்து நின்றால் முதுகுக்குப் பின்னால் தெற்கு, முன்னால் வலக்கரை. பாரிஸ் ஏறக்குறைய 49 பாகை வட அட்சரேகையில் உள்ளது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளில் உச்சிவெயில்கூட ஏறக்குறைய 41 பாகைதான். டிசம்பரில் 18 பாகைதான். கரைத்தெரு வீடு 18 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 41 பாகை வெயிலில் அதன் நிழல் 20 மீட்டர் நீளும். தெரு, தடுப்புச்சுவர், படித்துறை எல்லாம் அந்த நிழலுக்குள் போய்விடும். அதே நேரம் எதிர்க்கரை வீடுகள் தென்மேற்கைப் பார்த்து நிற்கின்றன. பிற்பகல் வெயில் முழுக்க அவற்றின் முகத்தில். ஆக நடுக்கோடை தவிர்த்த ஏறக்குறைய எந்தப் பிற்பகலிலும் அந்தக் கரையில் படியேறுகிறவர்கள் நிழலுருவாகத்தான் தெரிவார்கள். தோமியே தன் வாசலில் பார்த்தது இது.

குறியீடு பிறகு வந்து உட்காரலாம். முதலில் இது ஒரு தெருவின் வடபக்கம். சொந்தத் தெருவின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழும் என்று தெரிந்தவரின் வேலை. இதில் ஒரு கைத்தொழில் வசதியும் உண்டு. முகத்தில் வெளிச்சம் விழாத காட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முகத்தை வரையாமல் விடுவதற்கு இயற்கையே காரணம் கொடுத்துவிடுகிறது. முழு வெயிலில் நிற்கும் ஒருத்திக்குக் கண்மூக்கு இல்லாவிட்டால் படம் முடியவில்லை என்போம். நிழலில் நிற்பவளிடம் கேட்கமாட்டோம்.

ஒரே சலோனில் இரண்டு தாய்கள்

இந்தப் படத்தின் வடிவங்கள் மூன்று. ஒன்று ஓர்சேயில், ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனில், மூன்றாவது அமெரிக்காவின் பஃபலோ நகரத்து அருங்காட்சியகத்தில். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பஃபலோவில் இருப்பது சிறியது. அரசு ஆதரவில் நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியான பாரிஸ் சலோனில் 1861இல் தோமியே வைத்தது அந்தச் சிறியதுதான் என்பது பொதுவான கருத்து. பட்டியலில் தலைப்பு ‘ஒரு சலவைக்காரி’. அதே சலோனில் ழான் பிரான்சுவா மிலேயும் ஒரு தாயையும் பிள்ளையையும் வைத்திருந்தார்: பிள்ளையை மடியில் வைத்துக் கூழ் ஊட்டும் பெண். அது இன்று மார்செய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான துணிப்படம். மிலேயின் தலைப்பிலேயே பிள்ளை உண்டு, ‘பிள்ளைக்கு ஊட்டும் பெண்’. தோமியேயின் தலைப்பில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. தொழில் மட்டும் இருக்கிறது.

மிலே எனக்குப் பிடித்தவர், ஆனால் இந்த இரண்டில் தோமியே பக்கம்தான் நிற்பேன். மிலேயின் தாய்க்கு உட்கார நேரம் கிடைத்திருக்கிறது. கரண்டியிலிருக்கும் கூழை ஊதி ஆற்றுகிறாள். சூடு உதட்டைச் சுடாமல் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்குள் வேறு வேலை எதுவும் நுழையவில்லை. கன்னிமரியாளும் குழந்தையும் என்ற பழைய அமைப்பு அங்கே குடியானவர் உடுப்பில் தொடர்கிறது. உட்கார்ந்த தாய், மடியில் பிள்ளை, இருவருக்கும் நடுவே அமைதி. தோமியே அந்த அமைப்பையே குலைத்துவிட்டார். மடி இல்லை, உட்கார்ந்தால்தானே மடி.

தோமியேக்கு அந்தப் பழைய அமைப்பு தெரியாமல் இல்லை. 1848 புரட்சிக்குப் பின் புதிய குடியரசைக் குறிக்கும் ஓவியத்துக்கு அரசு போட்டி வைத்தபோது அவர் வரைந்து கொடுத்த மாதிரிப்படம் ஓர்சேயில்தான் இருக்கிறது. கையில் மூவண்ணக் கொடியோடு வலுவான ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். வளர்ந்த இரண்டு பிள்ளைகள் இருபுறமும் பால் குடிக்கின்றன. காலடியில் இன்னொன்று புத்தகம் படிக்கிறது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வான இருபது படங்களில் அதுவும் ஒன்று. அதன் பெரிய வடிவத்தை அவர் முடித்துக் கொடுக்கவே இல்லை. குடியரசும் சில ஆண்டுகளில் பேரரசாகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் பலகையில் ஏறிய தாய்க்குக் கொடி பிடிக்கக் கை இல்லை. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அரசியல் வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் படிப்பதைவிட லாபம் என்பது என் கட்சி.

முடியாத படங்கள்

1832இல் அரசனைக் கேலி செய்து படம் போட்டதற்காகச் சிறைக்குப் போனவர் தோமியே. ஏறக்குறைய 4,000 கல்லச்சுப் படங்கள் போட்டவர். அதுதான் சோறு. 1860இல் ‘ஷாரிவாரி’ பத்திரிகை அவரை நிறுத்திவிட்டது, 1863 கடைசியில் மறுபடி எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட அந்த மூன்றே முக்கால் ஆண்டுகளில்தான் ஓவியத்துக்கு நிறைய நேரம் கிடைத்தது. பையில் காசு இல்லாத நேரமும் அதுவே. சலவைக்காரி வடிவங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டியவை. மெட்ரோபாலிட்டன் பலகையில் கையொப்பத்தோடு 186 வரை தெளிவாக இருக்கிறது, கடைசி இலக்கத்தைத்தான் 3 என்று ஊகிக்கிறார்கள்.

கல்லச்சு அவருக்குக் கொடுத்தது வேகம். மட்டமாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் கரிக்கோலால் நேரடியாக வரைய வேண்டும். அச்சில் இடவலம் மாறும் என்பதால் தலைகீழ்க் கணக்கு மனதுக்குள் ஓட வேண்டும். போட்ட கறுப்பை எளிதில் அழிக்க முடியாது, வெளிச்சம் வேண்டிய இடத்தைக் கத்தியால் சுரண்டலாம். பத்திரிகை ஆள் வாசலில் நிற்பான், கல் போய்விடும். எண்ணெய் வண்ணத்தில் வாசலில் யாரும் நிற்கவில்லை. அவர் படங்கள் முடியாமலே போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பால் கொடுக்கும் தாய் ஒருத்தி முன்வரிசையில் இருக்கும் ‘மூன்றாம் வகுப்புப் பெட்டி’யின் மெட்ரோபாலிட்டன் வடிவத்தில், படத்தை வேறொரு பரப்புக்கு எடுத்து வரையப் போட்ட கட்டக்கோடுகள் வண்ணத்தின் ஊடே இன்றும் தெரிகின்றன. கோட்டை மூடுவதற்கு முன்பே கை நின்றுவிட்டது.

மூட்டையும் பிள்ளையுமாக நடக்கும் பெண் அவரை விடவில்லை. ‘சுமை’ என்று அறியப்படும் இன்னொரு வரிசையில் அதே போன்ற ஒருத்தி கரைத்தெருவில் காற்றை எதிர்த்து நடக்கிறாள். பிள்ளை அவள் பாவாடையோடு ஒட்டி ஓடுகிறது. கிளாஸ்கோவில் ஒன்று, பிராகில் ஒன்று என அவையும் சிதறிக் கிடக்கின்றன. அதிலும் உடம்பு மூட்டைக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது, கூடவே காற்றுக்காக முன்னாலும் சாய்கிறது. அந்த வரிசை உணர்ச்சியில் உரக்கப் பேசும். பாவாடை பறப்பது எனக்குக் கொஞ்சம் அதிகம். படிக்கட்டுப் படத்தில் எதுவும் பறக்கவில்லை. 1830களில் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சுடாத களிமண்ணில் தலைதலையாகப் பிடித்துவைத்தவர் அவர்; அவற்றில் 36 ஓர்சேயில் இருக்கின்றன. எடை எந்தப் பக்கம் விழும் என்று களிமண்ணில் கற்ற விரல்கள்தான் சலவைக்காரியின் முதுகைப் போட்டிருக்கின்றன. அந்த முதுகில் துணிமடிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு கறுத்த வரைகோடு, உள்ளே பழுப்பின் இரண்டு மூன்று அடுக்கு. அருகில் போனால் ஒன்றும் புரியாது, எட்டி நின்றால் கனம் தெரியும்.

1878இல், பார்வை ஏறக்குறைய போய்விட்ட காலத்தில், நண்பர்கள் சேர்ந்து ஓவிய வியாபாரி துராந்-ருயேலின் கூடத்தில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். விக்டர் ஹியூகோ கௌரவத் தலைவர். செலவுக்கே வசூல் வரவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தோமியே இறந்தார்.

படத்தை நேரில் பார்க்க வழியில்லாதவர்களுக்கு ஒரு யோசனை. கைபேசியில் பார்க்க வேண்டாம். நிழல் நிறைந்த படம் என்பதால் இணையப் பிரதிகளில் பெரும்பாலும் இருட்டைக் குறைத்து வெளிச்சமாக்கிவிடுகிறார்கள். உடனே பிள்ளையின் முகத்தில் இல்லாத விவரம் முளைக்கும், பின்னால் வெயில் முகப்பு வெறும் வெள்ளையாகப் பொரிந்துவிடும். சதுரமாக வெட்டிய பிரதிகளில் முதலில் போவது படிதான். படி போனால் பிள்ளை ஏன் காலைத் தூக்குகிறது என்றே தெரியாது. மெட்ரோபாலிட்டன் தன் பலகையின் உயர்தரப் படத்தை யாரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. மூலம் ஏ3 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வழவழப்பில்லாத ஏ3 தாளில் ஓரம் வெட்டாமல், நிறத்தைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு அச்சடித்தால் ஏறக்குறைய அசல் அளவு வந்துவிடும். அச்சுக்கடையில் கறுப்பு அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் வெளிச்சம் கூட்டட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.